ஆண்ட்வெர்ப் நகரின் செப்புத்தகட்டு நிலப்படம்: அதன் வயதை எப்படிக் கண்டறிவது?

தாத்தா காலத்திலிருந்து வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு பழைய நகர நிலப்படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்தை மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல் தெருக்களும் வீடுகளும் வரையப்பட்டிருக்கின்றன. ஆற்றில் கப்பல்கள் நிற்கின்றன. நகரின் ஒரு முனையில் ஐந்து கூர்முனைகள் கொண்ட கோட்டை இருக்கிறது. தலைப்பு லத்தீனில் உள்ளது. ஆங்காங்கே பச்சையும் சிவப்பும் பூசப்பட்டுள்ளன. இது அசல்தானா, எத்தனை ஆண்டு பழமையானது, பழுப்பேறிய சட்டத்தை மாற்றலாமா என்பவை உங்கள் கேள்விகள். படத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அசல் என்றோ நகல் என்றோ தீர்ப்புச் சொல்வது பொறுப்பாகாது. ஆனால், எவற்றைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பெரும்பாலான விடைகளை நீங்களே கண்டுகொள்ளலாம்.

முதலில், ‘எத்தனை ஆண்டு பழமையானது’ என்ற கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய ஒரு தாளில் குறைந்தது நான்கு காலங்கள் அடங்கியிருக்கின்றன. படம் காட்டும் நகரம் எந்த ஆண்டின் நகரம் என்பது ஒன்று. செப்புத்தகட்டில் அதைச் செதுக்கிய ஆண்டு இரண்டாவது. அந்தத் தகட்டிலிருந்து இந்தத் தாள் அச்சான ஆண்டு மூன்றாவது. வண்ணம் தீட்டப்பட்ட ஆண்டு நான்காவது. இவற்றுக்கிடையே நூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் இடைவெளி இருக்கலாம். விற்பனையாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது ஆண்டை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொள்வதால்தான் இவ்வளவு குழப்பம் ஏற்படுகிறது.

நகரத்தின் காலத்துக்கு நீங்கள் குறிப்பிட்ட கோட்டையே நல்ல சான்று. நெதர்லாந்துப் பகுதிகளை (அன்று இன்றைய பெல்ஜியமும் அவற்றில் அடங்கும்) அடக்கி ஆள ஸ்பெயின் மன்னர் அனுப்பிய ஆல்பா பிரபு, 1567-இல் இத்தாலியப் பொறியாளர் பாச்சோத்தோவைக் கொண்டு ஆண்ட்வெர்ப்பின் தென்முனையில் அந்த ஐங்கோணக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். அதன் பீரங்கிகள் பகைவரை நோக்கி இருந்த அளவுக்கு நகர மக்களை நோக்கியும் இருந்தன. ஆகவே கோட்டை உள்ள எந்தப் படமும் 1567-க்கு முந்திய நகரைக் காட்டவில்லை. ஒப்பிட விரும்பினால், வெர்ஜீலியஸ் பொனோனியென்சிஸ் 1565-இல் வெளியிட்ட மிகப் பெரிய மரக்கட்டை அச்சுப் படத்தைப் பாருங்கள்; அதன் ஒரே பிரதி ஆண்ட்வெர்ப்பின் பிளாந்தின்-மொரெத்துஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதில் கோட்டை கிடையாது. இன்னும் நுட்பமாகவும் பார்க்கலாம். 1577-இல் நகர மக்கள் கோட்டையின் நகர்ப்பக்கச் சுவரை இடித்துத் தள்ளினார்கள். 1585-இல் ஸ்பானியர் நகரை மீண்டும் கைப்பற்றிய பிறகு அது திரும்பக் கட்டப்பட்டது. உங்கள் படத்தில் கோட்டையின் நகர்ப்பக்கம் மூடியிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

மற்ற கட்டடங்களும் உதவும். அன்னை மரியா பேராலயத்தின் இரு கோபுரங்களில் வடகோபுரம் மட்டுமே 1521-இல் முழு உயரத்தை எட்டியது. மற்றொன்று குட்டையாகவே நின்றுவிட்டது. கோர்னெலிஸ் ஃபுளோரிஸ் வடிவமைத்த நகர மன்றம் 1561-க்கும் 1565-க்கும் இடையில் கட்டப்பட்டது. நகரின் வடக்கே, கில்பர்ட் வான் ஸ்கோன்பேக்கே என்ற நிலத் தொழில் முதலாளி கால்வாய்கள் வெட்டி உருவாக்கிய புதுநகர்ப் பகுதியையும், அங்கே 1564 முதல் 1568 வரை கட்டப்பட்ட ஹான்சா என்ற வட ஜெர்மானிய வணிக நகரக் கூட்டமைப்பின் பெருமாளிகையையும் தேடிப் பாருங்கள். அந்த மாளிகை 1893-இல் தீயில் அழிந்துவிட்டது. அக்கால நகரில் அது நின்ற நிலையைக் காண இப்படிப்பட்ட படங்கள் உதவுகின்றன.

ஒரு நகரத்தை இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கி விற்க முடிந்ததற்குக் காரணம், அக்காலத்தில் அதற்கு இருந்த பெயர். 1501-இல் போர்ச்சுகீசியரின் மிளகு முதன்முதலாக ஆண்ட்வெர்ப் துறைக்கு வந்தது. மலபார்க் கரையில் ஏற்றப்பட்ட மிளகு லிஸ்பன் வழியாக, ஆண்ட்வெர்ப் அமைந்த ஷெல்ட் ஆற்றின் கரைக்கு வந்து சேர, தென் ஜெர்மானிய வணிகர்கள் தங்கள் செம்பையும் வெள்ளியையும் அங்கே கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். அந்தச் செம்பில் ஒரு பகுதி போர்ச்சுகீசியக் கப்பல்களில் இந்தியாவுக்கே வந்தது. இங்கிலாந்தின் கம்பளித் துணி, இத்தாலியரின் பட்டு, ஆக்ஸ்பர்க் ஃபுகர் குடும்பத்தின் கடன்பத்திரங்கள் என எல்லாம் ஒரே ஊரில் கைமாறின. வணிகர்கள் கூடிப் பேரம் பேச 1531-இல் திறக்கப்பட்ட அதன் வணிக மாற்றகத்தைப் பார்த்துத்தான் லண்டனில் கிரெஷாம் என்ற வணிகர் தமது மாற்றகத்தைக் கட்டினார். 1560-களில் அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஐரோப்பாவில் அந்த அளவை எட்டிய நகரங்கள் அப்போது மிகச் சிலவே.

இனிச் செதுக்கல். ஆண்ட்வெர்ப்பைப் பலர் செதுக்கியிருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் வணிகர் லொதோவிக்கோ குயிச்சார்தினி 1567-இல் வெளியிட்ட நெதர்லாந்து வருணனை நூலிலும் அதன் பிற்பதிப்புகளிலும் இந்நகரின் படம் உண்டு. 1649-இல் ஆம்ஸ்டர்டாமின் பதிப்பாளர் பிளாவ் வெளியிட்ட நகரத் தொகுப்பிலும் உண்டு. ஆயினும் வீடுகளில் காணப்படும் தனித்தாள்களில் பெரும்பங்கு, ஜெர்மனியின் கோலோன் நகரில் கியோர்க் பிரவுன் என்ற திருச்சபைக் குருவும் ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் என்ற செதுக்குநரும் சேர்ந்து வெளியிட்ட ‘சிவிதாத்தெஸ் ஓர்பிஸ் தெர்ராரும்’ என்ற ஆறு தொகுதிப் பெருநூலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. முதல் தொகுதி 1572-இல் வந்தது, ஆறாவது 1617-இல். உலக நகரங்களின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் அதில் உள்ளன. முதல் தொகுதியிலேயே கள்ளிக்கோட்டையும் கண்ணூரும் கோவாவும் சிறு காட்சிகளாக இடம்பெற்றிருக்கின்றன என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. மிளகு கப்பலேறிய இடமும் அது விலைபோன இடமும் ஒரே நூலின் தாள்களில் இருக்கின்றன. ஆண்ட்வெர்ப் இந்தத் தொகுப்பில் இருமுறை வருகிறது. முதல் தொகுதியில் ஒரு படமும், 1598-ஐ ஒட்டி வந்த ஐந்தாம் தொகுதியில், உலகெங்கும் புகழ்பெற்ற வணிகத்தலம் என்று தலைப்பிலேயே பாராட்டும் மற்றொரு படமும் உள்ளன. எனவே லத்தீன் தலைப்பை எழுத்துக்கு எழுத்து படியெடுத்துப் பாருங்கள். வணிகத்தலத்தைக் குறிக்கும் ‘எம்போரியும்’ என்ற சொல்லின் வடிவம் ஏதேனும் அதில் இருந்தால் இரண்டாவது படத்தை நோக்கிச் செல்லலாம்.

ஹோகன்பெர்க்கைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. மெக்கலன் ஊரில் பிறந்த அவர், 1570-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியான, நிலப்பட வல்லுநர் ஓர்த்தேலியஸின் உலகப் படத்தொகுப்புக்குப் பல தகடுகளைச் செதுக்கியவர். ஆல்பாவின் கெடுபிடிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிக் கோலோனில் குடியேறினார். தம்மைத் துரத்திய ஆட்சியாளன் எழுப்பிய கோட்டையையும், தாம் பிழைத்த நகரத்தின் தெருக்களையும் அயலூரில் உட்கார்ந்து செதுக்க வேண்டிய நிலை அவருக்கு. 1576 நவம்பர் 4 அன்று சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் அந்தக் கோட்டையிலிருந்து இறங்கி நகரைச் சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், நகர மன்றம் எரிந்தது. அந்தக் கொடுமையையும் ஹோகன்பெர்க்கின் பட்டறை செய்தி சொல்லும் அச்சுப்படமாகச் செதுக்கி வெளியிட்டது. இத்தொகுப்புக்குப் பல நகரக் காட்சிகளை வரைந்தளித்த ஓவியர் யோரிஸ் ஹூஃப்நாகல், ஆண்ட்வெர்ப்பின் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். சூறைக்குப் பிறகு அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். வீடு வீடாக, சந்து சந்தாக இருக்கும் அந்த நுணுக்கத்தைப் பார்க்கும்போது, இவர்கள் அந்த ஊரை அறிந்தவர்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

இத்தொகுப்பின் பல படங்களில் முன்னணியில் அந்தந்த ஊர் உடையணிந்த ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். மனித உருவங்களைப் பார்ப்பது துருக்கியரின் சமயத்துக்கு ஒவ்வாதது, ஆகவே உருவங்கள் இருந்தால் அவர்கள் இந்தப் படங்களைப் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்று பிரவுன் முன்னுரையில் எழுதினார். துருக்கியரின் உதுமானியப் பேரரசின் அரண்மனையிலேயே நுண்ணோவியர்கள் பணியாற்றிய காலம் அது என்பதால், அந்தக் காரணத்தைவிட வாங்குவோரைக் கவரும் நோக்கமே பெரிதாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன். உங்கள் படத்தில் உருவங்கள் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். எல்லாப் படங்களிலும் அவை இருப்பதில்லை.

அடுத்தது மூன்றாவது காலம். பலரும் தவறவிடுவது இதைத்தான். செப்புத்தகடு ஒருமுறை செதுக்கப்பட்டால் சில ஆயிரம் தாள்கள் வரை தரும். கோடுகள் தேய்ந்தால் மீண்டும் உளியால் ஆழப்படுத்திக்கொள்ளலாம். ஆகவே தகடுகள் சொத்தாக விற்கப்பட்டன, கைமாறின. ஹோகன்பெர்க் 1590-இல் காலமானார். அவர் குடும்பத்தாரிடம் இருந்த தகடுகள் 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆம்ஸ்டர்டாமின் பதிப்பாளர் யான் யான்சோனியஸின் கைக்குப் போயின. அவர் 1657-இல் தமது நகரத் தொகுப்பில் அவற்றுள் பலவற்றை மீண்டும் அச்சிட்டார். பிறகு ஃபிரெடெரிக் டி விட் போன்றோரிடம் சென்று, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சில தகடுகள் அச்சு இயந்திரத்தில் இருந்தன.

இதற்கிடையே நகரம் அடியோடு மாறியிருந்தது. 1585 ஆகஸ்ட் 17 அன்று, ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் ஆண்ட்வெர்ப் ஸ்பானியத் தளபதி பார்மாவிடம் பணிந்தது. புராட்டஸ்டண்டு மக்கள் வெளியேற அவகாசம் கிடைத்ததால், வணிகர்களும் கைவினைஞர்களும் அச்சாளர்களும் வடக்கே ஆம்ஸ்டர்டாமுக்கும் பிற ஊர்களுக்கும் சாரிசாரியாகச் சென்றார்கள். 1589-இல் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். ஷெல்ட் ஆற்றின் கழிமுகத்தை டச்சுக்காரர் அடைத்துவிட்டதால் கடல் வாணிகம் நின்றது. ஸ்பெயினும் டச்சுக்காரரும் 1648-இல் செய்துகொண்ட மூன்ஸ்டர் உடன்படிக்கை அந்த அடைப்பை உறுதிசெய்தது. 1790-களில்தான் ஆறு மீண்டும் திறந்தது. ஆக, 1598-இல் ‘உலகெங்கும் புகழ்பெற்ற வணிகத்தலம்’ என்று தகட்டில் செதுக்கப்பட்டபோதே அந்த வாணிகம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. 1657-இல் அந்தத் தகடுகளுக்கு உரிமையாளராக இருந்தவர், ஆண்ட்வெர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஆம்ஸ்டர்டாமின் பதிப்பாளர். இந்தப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நகரத்தின் செழிப்பு, அது முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. வாங்கியவர்களில் பலர் அதையே நிகழ்காலமாக எண்ணியிருக்கக்கூடும்.

யான்சோனியஸின் பெயருக்குத் தமிழ் நிலத்தோடு ஒரு தொடர்பும் உண்டு. அவருடைய மருமகன் யான்சோனியஸ் வான் வாஸ்பெர்கே, வான் சோமரனுடன் சேர்ந்து 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூல்தான், யாழ்ப்பாணத்தில் டச்சுச் சபைக் குருவாகப் பணியாற்றிய பால்தேயஸ் மலபாரையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் விவரித்து எழுதிய பெருநூல். அதிலுள்ள செப்புத்தகட்டுப் படங்களின் தனித்தாள்களும் இன்று சட்டமிட்டு விற்கப்படுகின்றன. இனிச் சொல்லப்போகும் சோதனைகள் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தபின், பகல் வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸால் ஒரு கோட்டைப் பாருங்கள். செதுக்குளியால் வெட்டிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மீண்டும் கூராக முடியும். தகட்டின் பள்ளத்தில் நிரப்பிய மையை ஈரத்தாள் உறிஞ்சி எடுப்பதால், மை தாளின் மேல் நூலிழைபோல் சற்றே எழுந்து நிற்கும். கோட்டுக்குப் பதிலாக ஒழுங்கான புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால நகல். அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. இரண்டாவதாக, படத்தைச் சுற்றி வெற்று ஓரத்தில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் செவ்வகமாக ஓடும். உருளை அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தால் ஏற்படும் தடம் அது. இந்தப் பள்ளத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் நல்ல நகல்களிலும் அதை வேண்டுமென்றே அழுத்திவைப்பார்கள். இத்தொகுப்பின் இரட்டைப் பக்கப் படங்களில் தகட்டின் அளவு பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. உயரமும் 40 முதல் 55 செ.மீ. அகலமும் இருக்கும், நடுவில் செங்குத்தாக ஒரு மடிப்பும், மடிப்பின் பின்புறம் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டுவதற்காக ஒட்டிய காகிதப் பட்டையோ அதன் எச்சமோ இருக்க வேண்டும். மடிப்பே இல்லாத தாள் நூலிலிருந்து வந்திருக்க முடியாது.

தாள்தான் எல்லாவற்றையும்விட உண்மை பேசும். அக்காலக் காகிதம் கந்தைத் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் கையால் அள்ளிச் செய்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் சற்றுத் தடித்த கோடுகளும் தெரியும்; சிலவற்றில் ஆலையின் நீர்க்குறியும் தெரியும். கோடுகளே இல்லாத சீரான காகிதம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் ஐரோப்பாவில் தோன்றியது. மரக்கூழ்க் காகிதம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. விளிம்பு நொறுங்கும் அளவுக்குப் பழுத்த தாளைப் பார்த்து ‘மிகப் பழையது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மரக்கூழ்த் தாளின் நோய். நானூறு ஆண்டுப் பழைய கந்தல் தாள், ஒழுங்காக வைத்திருந்தால், இன்றும் வளைந்து கொடுக்கும்.

பிறகு திருப்பிப் பாருங்கள். பிரவுன்-ஹோகன்பெர்க் தாள்களின் பின்புறத்தில் அந்த நகரத்தைப் பற்றிய வருணனை அச்சாகியிருக்கும். லத்தீன் பதிப்பு 1572-இலும், ஜெர்மன் பதிப்பு 1574-இலும், பிரெஞ்சுப் பதிப்பு 1575-இலும் தொடங்கின. எழுத்தின் மொழி, பக்க எண், வரிகள் முறியும் இடம் ஆகியவற்றை எண்ணியல் வடிவில் உள்ள நூலகப் பிரதிகளோடு ஒப்பிட்டால் எந்தப் பதிப்பு என்பதையே நிறுவலாம். ஹைடெல்பர்க் பல்கலைக்கழக நூலகம் முழுத் தொகுப்பின் வண்ணப் பிரதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பின்புறம் வெறுமையாக இருந்தால் உடனே நகல் என்று முடிவுகட்ட வேண்டாம். பிற்காலப் பதிப்பாளர்கள் சிலர் வருணனையின்றியே அச்சிட்டார்கள். பழைய தகட்டிலிருந்து நூறு ஆண்டு கழித்து அச்சானாலும் அது அசல் செதுக்கல் அச்சுதான். மதிப்பும் கோட்டின் தெளிவும் மட்டுமே குறையும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, அச்சு எப்போதும் கறுப்பு மையில்தான். நிறம் கையால் தீட்டப்பட்டது. அக்காலப் பச்சை பெரும்பாலும் செம்பிலிருந்து எடுத்த நிறமி. அது காலப்போக்கில் தாளை அரித்துப் பின்புறத்தில் பழுப்புத் தழும்பாக ஊடுருவும். உங்கள் படத்தில் பச்சை பூசிய இடங்களுக்கு நேர் பின்னே அந்தத் தழும்பு இருந்தால் வண்ணமும் பழமையானது என்பதற்கு அது வலுவான அடையாளம். பச்சை பளிச்சென்று இருந்து பின்புறம் வெள்ளையாக இருந்தால் வண்ணம் அண்மைக்காலத்தில் விற்பனைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். என் தனிக்கருத்து, புது வண்ணம் பூசிய தாளைவிட வண்ணமே இல்லாத தாள் மேலானது, ஏனெனில் செதுக்குநரின் கை அதில் மறைவின்றித் தெரிகிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தனித்தாள்களுக்கு நல்ல விலை கிடைப்பதால் முழு நூல்களைப் பிரித்துத் தாள் தாளாக விற்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அது பெரும் இழப்பு. உங்களிடம் ஏற்கெனவே தனித்தாளாக வந்துவிட்ட ஒன்றைப் பேணுவதில் தவறேதும் இல்லை, ஆனால் புதிதாக வாங்கும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தை மாற்றலாமா என்றால், கட்டாயம் மாற்ற வேண்டும், ஆனால் தெருமுனைச் சட்டக் கடையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது. பழைய சட்டங்களில் படத்துக்குப் பின்னால் இருக்கும் மரப்பலகை, ஹார்ட்போர்டு, சாதாரண அட்டை ஆகியவற்றிலிருந்து அமிலம் கசிந்து தாளைப் பழுப்பாக்குகிறது. கண்ணாடி நேரடியாகத் தாளைத் தொட்டால், நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கும் அந்த இருட்டு இடுக்கு பிடித்தமானது. அமிலமற்ற அட்டையில், தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியோடு சட்டமிடச் சொல்லுங்கள். செலோ டேப்பும் ஃபெவிகாலும் தாளைத் தொடவே கூடாது; லேமினேட் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது மீட்க முடியாத சேதம். கிழிசல் இருந்தால் கோதுமை மாப்பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு காகிதப் பாதுகாப்பு வல்லுநர் சரிசெய்வார், வேண்டியபோது தண்ணீரால் அதை எடுத்தும்விடலாம். வெளிச்சுவரிலும் வெயில் விழும் சுவரிலும் மாட்ட வேண்டாம். ஓரங்கள் நீளமாக இருக்கின்றன என்று எவரேனும் வெட்டிச் சீராக்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள், தகட்டின் தடமும் வெற்று ஓரமும்தான் மேலே சொன்ன சான்றுகளில் பாதியைத் தாங்கி நிற்கின்றன.

சட்டத்தைப் பிரிக்கும் நாளில், பின்பலகையை எறிந்துவிடாமல் அதிலுள்ள கடைச் சீட்டு, கையெழுத்து, பழைய செய்தித்தாள் துண்டு ஆகியவற்றை முதலில் படம்பிடித்து வையுங்கள், ஏனெனில் உங்கள் தாத்தாவின் கைக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை அவை சொல்லக்கூடும். பிறகு தாளின் முன்புறம், பின்புறம், தலைப்பு, நடுமடிப்பு, கோட்டை, ஒளிக்கெதிரே பிடித்த தாள் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, அளவுகளையும் குறித்து அனுப்புங்கள். அவற்றைக் கொண்டு எந்தத் தகடு, எந்தப் பதிப்பு என்பதைப் பெரும்பாலும் வகைப்படுத்திவிடலாம்.